எந்த நீதிமன்றம், ஐயா?

‘வங்கி மேலாளர் கைநிறையச் சம்பளம் வாங்கியவர், அநியாயமாக நீக்கினார்கள் என்றால் நீதிமன்றம் போகட்டும், தனிப் பாதுகாப்பு எதற்கு?’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். எந்த நீதிமன்றத்துக்கு என்பதையும் சொல்லியிருக்கலாம்.

தொழிலாளர் நீதிமன்றம் அவரை உள்ளே விடாது. 1947ஆம் ஆண்டின் பழைய தொழில் தகராறு சட்டமும் சரி, 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் சரி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. அரசு வங்கிக்காரர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் வங்கிக்காரருக்கு அதுவும் இல்லை. ஃபெடரல் வங்கியின் கிளை மேலாளர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், தனியார் வங்கி ‘அரசு’ ஆகாது, ரிட் செல்லாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. மிச்சம் சிவில் வழக்கு. ஜெயித்தாலும் பொதுவாக இழப்பீடுதான், வேலை திரும்பாது.

‘துறை விசாரணை நடந்ததே’ என்பது அடுத்த வாதம். குற்றம் சாட்டுவதும் விசாரணை அதிகாரியை நியமிப்பதும் தண்டிப்பதும் ஒரே நிர்வாகம் (இதற்குப் பெயர் விசாரணையாம்!). ஊழியர் குற்றமற்றவர் என்று விசாரணை அதிகாரி சொன்ன பிறகும் மேலிடம் தண்டித்ததுண்டு. அப்படி மாறுபடுவதானால் ஊழியரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்று, பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

கட்டுரையாளர் அடுத்தவர் சம்பளத்தை எண்ணுவதை விட்டு, மேலாளர்களும் முறையிட ஒரு தீர்ப்பாயம் கேட்டு எழுதட்டும்.