பட்டும் புழுதான்

ஆபீசில் மதியம் டப்பாவைத் திறந்தேன். அம்மா வறுத்துக் கொடுத்த ஈசல், பொரியரிசியோடு. எதிரில் இருந்த அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கிட்டாங்க. "புழுவையா சார் திங்கறீங்க?" அன்றைக்குக் கிருத்திகை. அவங்க உடம்பில் பட்டுப்புடவை.

ஈசல் புழு இல்லை, இறக்கை முளைத்த கரையான். அது கிடக்கட்டும். பட்டு எது? கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் சாகுது. அதுக்குப் பேர் மடி. எங்க சட்டியில் வெந்ததுக்குப் பேர் தீட்டு.

எங்க வீட்டுப் பின்பக்கம் மாஞ்சருகு மக்கிக் கிடக்கும். அம்மா அதைக் கொளுத்த விடாது. சருகு கரையானுக்குச் சோறு, அதைத் தின்னுதான் பக்கத்துப் புற்று வளருது. மழை விட்டுப் புழுங்குகிற சாயங்காலம் புற்று வாய் திறக்கும். முன்னால் குழி வெட்டி விளக்கு வைத்தால் வெளிச்சத்துக்கு வந்து விழும். வெறுஞ்சட்டியில் வறுத்து முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துடும், மிச்சம் கொழுப்பும் புரதமும். எல்லைக்கு அந்தப் பக்கம் உசிள்ளு என்பார்கள். இருளர் சனங்க இதில் கைதேர்ந்தவங்க. கூலி இல்லாத நாளில் எங்க வயித்தைக் காத்தது இதுதான், எந்தக் கோயில் உண்டக்கட்டியும் இல்லை.

முருகன் வள்ளியைக் கட்டியது இந்தத் திருத்தணியில் என்கிறது தலபுராணம். வள்ளி வேடர் வீட்டுப் பொண்ணு. அவங்க தேனும் தினைமாவும் பிரசாதமாச்சு. தேன் என்ன, பூ கொட்டியதா? ஈ கக்கியது. அடையைப் பிழிந்தவன் அதிலிருந்த புழுவையும் தின்றான். தேன் மலையேறியது, புழுவும் அவனும் அடிவாரத்திலேயே.

தமிழன் ஆதியிலிருந்தே சைவம் என்று மேடையில் முழங்குபவர்கள் புறநானூறு 119ஐத் திறக்கட்டும். பறம்பின் வளம் பாடும் கபிலர், செம்புற்று ஈயலை மோரில் புளிக்கவைத்த உணவைச் சொல்கிறார். அவர் சேரிக்காரர் இல்லை அய்யா, தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்டவர். அவர் பாட்டில் இருந்தால் வளம், என் டப்பாவில் இருந்தால் அருவருப்பு. 1948ல் மாட்டுக்கறியை வைத்து அம்பேத்கர் எழுதினாரே, அதே கணக்குதான். தின்பது எது என்பதல்ல, தின்பவன் யார் என்பது.

2013ல் அய்.நா. உணவு வேளாண் அமைப்பு, 1900க்கு மேற்பட்ட பூச்சி வகைகள் உணவாகின்றன என்று எழுதியது. 2021ல் அய்ரோப்பிய ஒன்றியம் மாவுப்புழுவை அனுமதித்தது, 2024ல் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளை. நாளைக்கு அது பளபளப்பான பாக்கெட்டில் பிஸ்கட்டாக இந்த மேசைக்கே வரும். அப்போ ஒரு நாற்காலியும் நகராது. புற்றைக் காட்டிக்கொடுத்த இருளருக்குப் பத்துப் பைசா போகுமா?

அன்றைக்கு டப்பாவை மூடவில்லை. கடைசி ஈசல் வரைக்கும் தின்னுட்டுத்தான் எழுந்தேன்.