செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் அருங்காட்சியகங்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் கட்சி சுருக்கமானது. நிரந்தரக் கூடங்கள் செத்தவை. அவ்வப்போது வந்து போகும் கண்காட்சிகள்தாம் ஒரு மியூசியத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. எழும்பூருக்கு இந்த உண்மை இன்னும் எட்டவில்லை. நம்மில் பலர் தலையாட்டியிருப்பார்கள். எனக்கு இது தவறாக மட்டுமல்ல, வசதியான தவறாகவும் படுகிறது. வசதியான தவறுகளைத்தான் சற்று உரக்க மறுக்க வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு வெகுகாலம் முன்பே சென்னை ஜனங்கள் இந்தப் பாகுபாட்டைச் செய்துவிட்டார்கள். எழும்பூர் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர். மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. பெயரில் கிண்டல் உண்டு, சரித்திரமும் உண்டு. மியூசியம் 1851இல் தொடங்கியது கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்தில். பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. கல்லையும் பாடம்பண்ணிய பறவையையும் பார்க்க வரும் கூட்டத்தைவிட, மூச்சு விடும் மிருகத்தைப் பார்க்க வரும் கூட்டம் பெரிது என்பதைப் பால்ஃபர் சீக்கிரமே கண்டுகொண்டார். புலிக்குட்டி முதலானவை வந்தன, கூட்டமும் வந்தது. 1860களில் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. செத்தது இங்கே, உயிருள்ளது அங்கே என்று ஆயிற்று.

ஆக, கூட்டம் சேர்ப்பதற்குப் புதிதாக எதையாவது கொண்டுவந்து நிறுத்துவது நவீனப் பிரக்ஞையின் கண்டுபிடிப்பு அல்ல. அது அந்த நிறுவனத்தோடு கூடப் பிறந்த பழக்கம். பால்ஃபரின் புலிக்குட்டிதான் முதல் மாறும் கண்காட்சி. அதற்கு நண்பர் இப்போது தத்துவம் எழுதுகிறார்.

என் கேள்வி வேறு. ஒரே மதிற்சுவருக்குள் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் திருவாலங்காட்டு நடராஜரும் இருக்கிற இடம் இது. இயற்கை ஒரு பக்கம், பண்பாடு ஒரு பக்கம். நடுவில் மானிடவியல் என்று ஒரு துறை. எது எந்தப் பக்கம் என்று கோடு கிழித்தது யார்? செப்புத் திருமேனி கலை. மலைவாசியின் கூடையும் வில்லும் மானிடவியல். நடராஜரை வார்த்த ஸ்தபதியின் பெயரும் நமக்குத் தெரியாது, கூடை முடைந்தவளின் பெயரும் தெரியாது. என்றாலும் அவன் மேதை. அவள் தன் இனத்தின் மாதிரி. இந்தப் பிரிவினையை ஒரு மாதக் கண்காட்சி தொடுமா என்பதுதான் விஷயம்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை அந்த மியூசியத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர், உதவியவர் கே. ரங்காச்சாரி. மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து அட்டவணை போட்டவர். அவரே தம் புத்தகத்தின் முன்பகுதியில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வயநாட்டுக்குப் போனபோது பணியர் பெண்கள் அவரைக் கண்டு ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம்பண்ணிச் சென்னை மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயம். இதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், உயிருள்ள ஆளைப் பார்த்து உருவ மாதிரி செய்கிற சிரமம் மிச்சமாகுமே என்று ஆசைப்படுகிறார். வேடிக்கையாகச் சொன்னது என்பார்கள். வேடிக்கைதான். ஆனால் அந்த அறையில் சிரிக்க முடிந்தவர் ஒருவர். ஓட வேண்டியிருந்தவர்கள் வேறு சிலர்.

அந்தப் பெண்கள் படிக்காதவர்கள். மியூசியத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனினும் ‘செத்த காலேஜ்’ என்றால் என்ன என்பதை நம்மில் யாரைவிடவும் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பொருள் எந்தக் கூடத்தில் வைக்கப்படுகிறது என்பதற்கு முன்னால், எதைப் பொருளாக ஆக்கலாம் என்று யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். நான் படித்த அருங்காட்சியக விமர்சனங்களில் ஆகச் சிறந்தது அந்த ஓட்டம்தான்.

இனி நண்பரின் மாறும் கண்காட்சியைப் பார்ப்போம். பழங்குடி வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள். அட்டைகளில் புது வாசகங்கள், கருணையும் மரியாதையும் ததும்புபவை. பத்திரிகையில் படம். வாரம் முடிந்ததும் அட்டைகளைக் கழற்றி அடுக்குகிறார்கள். மாடியில் நிரந்தரக் கூடம் அப்படியே இருக்கிறது. அந்தக் கூடை அதே கண்ணாடிக்குப் பின்னால் அதே ‘மாதிரி’யாக இருக்கிறது. கேட்டால் பதில் தயார்: “அதைப் பற்றித்தான் கண்காட்சியே நடத்தினோமே!”

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அன்னியமான ஏற்பாடு அல்ல. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தற்காலிகம்தான், விசாரித்து உரிய பேரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றினால் ஒரு தவறு வெளியே வரும் என்றால் அது அங்கேயே தங்கிவிடும். அன்றைய கணக்கு நேராகிவிடுகிறது, வீட்டுக்குப் போகலாம். மாறும் கண்காட்சி அருங்காட்சியகத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. பேரேட்டில் எழுத மனமில்லாததை அங்கே எழுதுகிறார்கள்.

நியூயார்க்கைப் பார் என்பார் நண்பர். பார்ப்போம். அங்குள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இயற்கையையும் மனிதர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததுதான். பொருள்களை வளர்ச்சிப் படிக்கட்டாக அடுக்காதே, அந்தந்த மக்களின் வாழ்க்கையோடு சேர்த்து வை என்று 1887இலேயே வாதாடிய ஃப்ரான்ஸ் போவாஸ் பிற்பாடு அங்கே வேலை பார்த்தார். அறிவாளி, இனவாதத்தின் எதிரி. 1897இல் ராபர்ட் பியரி க்ரீன்லாந்திலிருந்து ஆறு இன்யூட் மக்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். சில மாதங்களுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிசுக். அவருடைய சிறு பையன் மினிக்கின் கண்முன் ஒரு கட்டையைச் சுற்றி மூடி அதையே பிணமென்று சொல்லி அடக்கம் செய்தார்கள். எலும்புகள் மியூசியத்துக்குள் இருந்தன. பின்னால் கேட்டபோது போவாஸ் இதில் பெரிய தவறு எதையும் காணவில்லை. அந்த எலும்புகள் ஊர் திரும்பியது 1993இல். அடுக்கும் முறையைத் திருத்துவது வேறு, அதிகாரத்தைத் திருத்துவது வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட தொண்ணூற்றைந்து வருஷங்களில் அந்தக் கட்டிடத்தில் எத்தனை கண்காட்சிகள் வந்து போயிருக்கும்!

அதே மியூசியம் 2018இல் வேறொன்று செய்தது. டச்சுக்காரர்களும் லெனாப்பே மக்களும் சந்திப்பதாகக் காட்டும் 1939ஆம் வருஷத்துக் காட்சிப்பெட்டி ஒன்று. அதை அகற்றவில்லை, பக்கத்தில் புதுக் கண்காட்சி போடவும் இல்லை. இந்தக் காட்சியில் இன்னின்ன பொய் என்று பெட்டியின் கண்ணாடிமீதே எழுதி ஒட்டினார்கள். பிறகு 2024 ஜனவரியில் பூர்வகுடிகளின் இரண்டு பெரிய கூடங்களை மூடினார்கள். சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமில்லாமல் அவர்களுடைய புனிதப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று புது விதி வந்தது; 1990ஆம் வருஷச் சட்டத்துக்கு அப்போதுதான் பல் முளைத்தது. மூடியது நல்லெண்ணத்தால் அல்ல, சட்டத்தால். என்றாலும் மாறியது நிரந்தரக் கூடம். நண்பர் உயிரற்றது என்று தள்ளிவிட்ட அந்தக் கூடத்தில்தான் சண்டை நடந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிரந்தரம் என்பதும் புனிதமல்ல. அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. எழும்பூரில் தங்கியவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்தார்கள். அந்தச் சுவரிலிருந்து உப்பு ஏறிக் கல்லைத் தின்றது. துணி, ஓவியம், ஓலைச்சுவடி போன்றவற்றை வெளிச்சத்திலிருந்து எடுத்து ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். அந்த மாற்றம் பொருளின் நன்மைக்கு. நான் எதிர்ப்பது நிறுவனத்தின் நிம்மதிக்காகச் செய்யப்படும் மாற்றத்தை.

எனக்கு வேண்டியது தர்ஸ்டனைப் பற்றிய கண்காட்சி அல்ல. அவர் சேகரித்த பொருள் இருக்கும் இடத்தில், யார் கையிலிருந்து, எந்த வருஷம், எப்படி வந்தது என்று ஒரு பலகை. அந்தப் பெண்கள் ஓடிய கதை, தமிழில், அதே சுவரில். கழற்ற முடியாத ஆணியில். என்ன எழுதுவது என்பதில் பணியர்களுக்கு ஒரு சொல் இருக்கட்டும். அவர்கள் இன்றும் வயநாட்டிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். வேண்டாம், எடுத்துவிடு என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம். நண்பரின் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மியூசியம் அல்ல, நம் பத்திரிகைகள். தலித் சிறப்பிதழ், பெண் கவிஞர் சிறப்பிதழ், மலையக இதழ் என்று போடுகிறோம். தலையங்கம் உருகுகிறது. அடுத்த இதழில் பழைய பத்துப் பேர் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், நான் உள்பட. சிறப்பிதழில் எழுதியவரைச் சாதாரண இதழில் தேடினால் கிடைப்பதில்லை. கேட்டால் நாமும் சொல்கிறோம்: “அதற்குத்தான் தனி இதழே போட்டோமே!” யாரைக் கலை என்று வைப்பது, யாரை மாதிரி என்று வைப்பது என்று தீர்மானிக்கிற தர்ஸ்டன் வேலையைத்தான், அளவுகோல் இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரைக்காக ‘அருங்காட்சியகச் சிறப்பிதழ்’ எதுவும் அறிவித்துவிட வேண்டாம். வரப்போகும் மூன்று சாதாரண இதழ்களின் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நண்பரோடு மேற்கொண்டு பேசுகிறேன்.