கருவி நம்முடையது, இரகசியம் யாருடையது?

கணிப்பொறியுடன் ஓர் அச்சுப்பொறியை இணைக்கிறீர்கள். கணிப்பொறியின் கட்டளையை அச்சுப்பொறிக்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். டிரைவரை ஆக்க மனிதர் எழுதிய வரிகளே மூல நிரல். பல நிறுவனங்கள் இதை வெளியிடுவதில்லை.

அதனால் நமக்கென்ன நட்டம்? எங்கள் ஆய்வகத்தில் மின்னழுத்தம் அளக்கும் அட்டை ஒன்று பழுதின்றி இருக்கிறது. ஆனால் புதிய கணிப்பொறிக்கு அதன் டிரைவர் இல்லை. தயாரித்தவர்கள் எழுதித் தரவுமில்லை. நல்ல கருவி அலமாரியில் தூங்குகிறது!

நிறுவனமே மனம் மாறினாலும் ஒரு சிக்கல் உண்டு. டிரைவரின் சில பகுதிகள் பிறரிடம் வாங்கியவையாக இருக்கலாம். 'வெளியில் சொல்லமாட்டோம்' என்று அவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த வாக்கை மீறலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அதையே சாக்காகக் கொண்டு கைகட்டி நிற்பதும் முறையன்று.

ஏ.எம்.டி. நிறுவனம் செய்ததைப் பாருங்கள். 2006இல் அது ஏ.டி.ஐ. என்னும் வரைகலைச் சில்லு நிறுவனத்தை வாங்கியது. சில்லுக்குள் கட்டளைகளை எழுதிவைக்கும் சிறு அறைகளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். எந்த ரிஜிஸ்டர் எதற்கு என்னும் விவரங்களை, சட்ட வல்லுநர்கள் சரிபார்த்தபின், 2007 செப்டம்பர் முதல் ஏ.எம்.டி. வெளியிடத் தொடங்கியது. யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை. பழைய டிரைவரைத் திறக்காமல், விவரங்களைக் கொண்டு புதிய டிரைவரை எழுதினார்கள். பிறருடைய இரகசியம் பிறரிடமே இருந்தது. நமக்கும் டிரைவர் கிடைத்தது. ஆனால் வீடியோவை விரித்துக் காட்டும் பகுதி, திரைப்படங்களைப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டுகளுடன் பின்னிக் கிடந்தது. அதற்கான திறந்த நிரல் 2013 ஏப்ரலில்தான் வந்தது.

இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸ் நிரலாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன், நிறுவனங்களுக்கு இலவசமாக டிரைவர் எழுதித் தருவதாக 2007இல் அறிவித்தார். கருவியின் விவரக் குறிப்புகளை இரகசியமாக வைக்க ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் எழுதப்படும் டிரைவர் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஓபன்பி.எஸ்.டி. குழுவினரோ இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட மறுப்பவர்கள். இது வெறும் பிடிவாதம் அன்று. இரகசியக் குறிப்பைப் பார்த்து எழுதிய நிரலில் 'இந்த ரிஜிஸ்டரில் 37 எழுது' என்று ஒரு வரி வரலாம். ஏன் 37? எழுதியவர் சொல்ல முடியாது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், நிரல் கண்முன் திறந்திருந்தும் திருத்த ஆளிராது.

ஆகவே ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்திடுமுன் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும்: ரிஜிஸ்டர்களின் பெயர்களையும் அவற்றின் விளக்கத்தையும் நிரலுக்குள் எழுத அனுமதி, இரகசியம் முடிவடையும் ஆண்டு.