படித்துறையில் கேமரா வேண்டாம்

ஆடி அமாவாசையன்று தாமிரபரணிக் கரையில் பாபநாசம் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுப்பவர்கள், முங்கி எழுபவர்கள், ஈரச் சேலையோடு கரையேறும் பெண்கள். இப்போது அவர்களுக்கு நடுவே உயர்த்திப் பிடித்த செல்போன்களும் சேர்ந்துவிட்டன. விடுமுறை நாட்களில் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறைப் பக்கமும் இதைப் பார்க்கலாம். ரீல்ஸ் எடுப்பவர் தன்னைத்தான் எடுக்கிறார்; ஆனால் பின்னால் குளிக்கும் பெண்ணும் அதில் பதிவாகிறாள். அவளை யாரும் கேட்பதில்லை.

திறந்த வெளியில் குளிப்பவர்களுக்கு அந்தரங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் தாமிரபரணிக் கரையை அறியாதவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் துறை வைத்த ஊர்கள் இங்கே உண்டு. பெண்கள் குளிக்கும் பக்கமாகப் போக நேர்ந்தால் ஆண் தூரத்திலேயே செருமிக் குரல் கொடுப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பான். மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிய பாவாடையோடு பெண்கள் கூச்சமின்றிக் குளிக்க முடிந்தது அந்த ஒழுக்கத்தை நம்பித்தான்.

"ஆத்துக்கு இனி யாரு போவா? எவன் எங்க நின்னு படம் புடிக்கான்னே தெரியல" என்றார் என் மைனி. சிறுவயதிலிருந்து ஆற்றில் குளித்தவர், இப்போது வீட்டுக் குளியலறையோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குப் போனது குளியல் மட்டுமல்ல. துணி துவைத்தபடி, மாமியார் சண்டையிலிருந்து மகனின் வேலை வரை தோழிகளிடம் கொட்டித் தீர்த்துவிட்டு மனம் லேசாகி வீடு திரும்பும் நேரமும் போய்விட்டது. அந்த நேரத்தைச் செல்போன் திரை ஈடுசெய்யாது.

பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை போய்விடாது என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தெளிவாக்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் மட்டுமல்ல, பிறருக்கு அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஈரச் சேலையோடு நிற்கும் பெண்ணின் படம் இந்த வரையறைக்குள் வராது என்று வாதிட இடமிருக்கிறது. அந்த இடைவெளியை ஊர்க் கட்டுப்பாடுதான் அடைக்க வேண்டும்.

ஆகவே ஆற்றங்கரை உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்கிறேன்: குளிக்கும் துறைகளில் செல்போனுக்குத் தடை போட்டுப் பலகை வையுங்கள். உடை மாற்ற மறைவான அறை கட்டுங்கள். திருவிழா நாட்களில் கண்காணிக்கப் பெண் காவலர்களை நிறுத்துங்கள். படம்பிடிக்கப்பட்ட பெண்ணுக்கும் சொல்கிறேன்: தவறு உங்களுடையது அல்ல. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். மனம் தாங்காத இரவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவுக்கு அப்படியொரு வீடியோ வந்தால், அனுப்பியவர் சித்தப்பாவே ஆனாலும், "இதை அழிங்க" என்று குழுவிலேயே எழுதுவோம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்தக் கேமராவுக்குத் துணை போகிறோம்.