அழகம்மாளின் அடுக்களை

மதுரை அம்மாக்களின் வேண்டுதல்கள் மாறிவருகின்றன. பரீட்சை, வேலை, வரன் எல்லாம் இருக்கட்டும். இப்போது கோயிலில் விளக்கேற்றிவிட்டு அவர்கள் முணுமுணுப்பது வேறு. 'சாமியே இல்லைங்கிறான்.' 'சாதி விட்டுக் கட்டிக்கிட்டா.' எப்படியாவது பழையபடி திருப்பிக் கொடு தாயே என்கிறார்கள். சோசியரும் பரிகாரம் எழுதிக் கொடுக்கிறார். ரசீதுதான் கிடையாது.

இந்த வேண்டுதல் இந்த ஊருக்குப் புதிதல்ல. மீனாட்சி கோயிலை ஒட்டிய சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான் பதினாறு வயது வெங்கடராமன். 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினான். செப்டம்பர் 1, திருவண்ணாமலை. அன்றே தலையை மழித்து, பூணூலை அறுத்தெறிந்து, மிச்சக் காசை அய்யன்குளத்தில் வீசினான்.

தாய் அழகம்மாள் மானாமதுரையில் இருந்தார். கணவர் சுந்தரம் ஐயர் 1892இலேயே இறந்துவிட்டார். 1898 இறுதியில் மூத்த மகனோடு போய்ப் பவழக்குன்றில் பிள்ளையைக் கண்டபோது, சடை விழுந்த தலையும் வளர்ந்த நகமும் அழுக்கேறிய உடம்புமாக உட்கார்ந்திருந்தான். நாள்தோறும் பலகாரம் கொண்டுபோய் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. அருகில் இருந்தவர் ஒருவர் மன்றாடியபின், எல்லாம் அவரவர் வினைப்படி நடக்கும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். தாய் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

'அவர் பிள்ளை ரமண மகரிஷி ஆனார். என் பிள்ளை பெங்களூரில் பீஃப் தின்கிறான்' என்று ஒரு தகப்பனார் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் 1898இல் மகரிஷி யாருக்குத் தெரியும்? அந்தத் தாய் கண்டது, குலத்தையும் குடும்பத்தையும் உதறிய ஒரு பையனை மட்டும்தான்.

1900இல் மூத்த மகனும் இறந்தார். 1916இல் அழகம்மாள் திருவண்ணாமலைக்கே வந்து தங்கிவிட்டார். மகன் ஒருநாளும் மானாமதுரை திரும்பவில்லை, தாய்தான் மலையேறினார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். மடி ஆசாரம் பார்த்த அவரை, 'வெங்காயம் வருகிறது, முருங்கைக்காய் வருகிறது, மோட்சம் போச்சு' என்கிற மாதிரி மகன் கேலி செய்வாராம். கேலியோடு கேலியாக ஆசாரமும் தளர்ந்தது. 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை, மகன் ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறுகையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். தாயின் சமாதிமேல்தான் இன்று மாத்ருபூதேசுவரர் கோயில் நிற்கிறது. குடமுழுக்கு நடந்தது 1949இல்.

அழகம்மாளின் பக்தியைப் பாடுகிறவர்கள் அவருடைய தளர்வைச் சொல்வதில்லை. நமக்கு அதுதான் முக்கியம்.

வெங்கடராமன் பிறந்த அதே 1879இல் ஈரோட்டில் பிறந்தவர் பெரியார். அவருடைய தாய் சின்னத்தாயம்மாள் தீவிர வைணவர். மகன் நாடெங்கும் கடவுள் மறுப்புப் பேசிய காலத்திலும் அவர் பெருமாளை விடவில்லை. 1936இல் மறையும்வரை அவர் பெருமாள் அவருக்கு, இவர் கொள்கை இவருக்கு. இந்தத் தாய்க்கு மலையுமில்லை, சமாதிக் கோயிலுமில்லை. இன்றைய பெற்றோர் பலருக்கு நெருக்கமானவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

நம்பிக்கை பிள்ளையைப் பிடித்துவரும் போலீஸ் அல்ல. அப்படி ஆக்கும்போது அது ஆறுதல் தருவதில்லை, கோபத்தைத்தான் கூட்டுகிறது. அந்தக் கோபம் சாதிக் கௌரவத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்துக் காவல் நிலையங்களில் கோப்புகள் உண்டு. வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாக ஊரே நம்பும் அழகரைக் கும்பிட்டுவிட்டு வந்து, வேற்று மதத்து மருமகளுக்குக் கதவைச் சாத்துவது என்ன கணக்கு?

சாமி கும்பிடுங்கள், அழ வேண்டுமென்றால் சன்னிதியிலேயே அழுங்கள். பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் மட்டும் பிள்ளை இருக்கும் ஊருக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.