நம் பிள்ளைகளின் மூட்டுக்கு எது இயல்பு? எங்கள் நிலைப்பாடு

சிங்கப்பூரில் பரதநாட்டியம் கற்பிக்கும் ஆசிரியர்களும், கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும், சிறாரைக் கவனிக்கும் இயன்மருத்துவர்களும் சேர்ந்து இயங்கும் அமைப்பு எங்களுடையது. ஆரோக்கியமான பிள்ளைகளின் மூட்டு நெகிழ்வை எப்படி அளப்பது, எந்த அளவை இயல்பு என்பது ஆகிய கேள்விகளுக்கு எங்கள் பதிலை இங்கே முன்வைக்கிறோம்.

ஒரு பிள்ளையின் மூட்டைத் 'தளர்ந்தது' என்றோ 'இறுகியது' என்றோ சொல்லுமுன், இங்கு வளரும் அதே வயதுப் பிள்ளைகளின் மூட்டு எவ்வளவு அசைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுகளைச் சிங்கப்பூர் திரட்ட வேண்டும். அதுவரை ஒற்றை எண்ணை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்டக்கூடாது.

கேள்வி எழும் இடம்

சிராங்கூன் சாலைப் பக்கம் சனிக்கிழமை காலையில் நடக்கும் எந்த நடன வகுப்பிலும் இதைப் பார்க்கலாம். ஆசிரியர் அரைமண்டி என்றதும் ஒரு பிள்ளை முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய எளிதாக அமர்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவளுக்குப் பாதம் திரும்பும், முழங்கால் திரும்பாது. முதல் பிள்ளைக்கு 'ரப்பர் உடம்பு' என்று பாராட்டு. இரண்டாவதுக்குக் 'கட்டை உடம்பு' என்ற பெயர். பள்ளிக்குப் போனால் நாஃபா உடலுறுதித் தேர்வில் உட்கார்ந்தபடி கையை நீட்டித் தொடும் தூரத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கிறார்கள். அது பின்தொடைத் தசையும் முதுகும் எவ்வளவு நீள்கின்றன என்று சொல்லும். தோள், முழங்கை, கணுக்கால் பற்றி ஒன்றும் சொல்லாது. இன்னொரு பக்கம், பிள்ளையின் கட்டைவிரல் முன்கையைத் தொட்டுவிட்டதே, இது நோயோ என்று அஞ்சி வரும் பெற்றோர் இருக்கிறார்கள். பாராட்டு, பட்டப்பெயர், அச்சம் மூன்றும் ஒப்பிட அளவில்லாத இடத்தில்தான் வளர்கின்றன.

வளரும் மூட்டு

பிள்ளையின் மூட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் பிறந்த குழந்தையின் இடுப்பும் முழங்காலும் முழுதாக நீளாது. அந்த இறுக்கம் இயல்பானது. பிறக்கும்போது தொடையெலும்பின் மேற்பகுதி ஏறத்தாழ 40 பாகை முன்நோக்கித் திருகியிருக்கும். வளர்ந்து முடியும்போது அது ஏறத்தாழ 15 பாகைக்கு வரும். ஆறு வயதுப் பிள்ளையின் தொடை வெளிப்புறம் திரும்ப மறுத்தால், பெரும்பாலும் எலும்பின் திருகல் இன்னும் முழுதாகக் குறையவில்லை என்றுதான் பொருள். அந்தக் குறையைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டச் சொன்னால், முறுக்கு முழுவதையும் முழங்கால் தாங்குகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள் 2 முதல் 69 வயது வரையிலான 674 ஆரோக்கியமானவர்களின் மூட்டுகளை அளந்து 2011இல் வெளியிட்டன. மூட்டுக்குள் இரத்தம் கசியும் ஹீமோஃபிலியா நோயாளிகளின் அசைவை ஒப்பிட, நோயில்லாதவர்களின் அளவு தேவைப்பட்டது. அந்த ஆய்வில் 2 முதல் 8 வயதுப் பெண் குழந்தைகளின் முழங்கால் சராசரியாக 152.6 பாகை மடங்கியது; 45 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 137.8 பாகை. பெரியவர்களின் அட்டவணையை வைத்துப் பார்த்தால் பாதி மழலையர் வகுப்பே மிகைநெகிழ்வாகத் தெரியும்.

அளவுகோலின் வரலாறு

இன்று எங்கும் பயன்படும் பெய்ட்டன் மதிப்பெண் 1973இல் தென்னாப்பிரிக்கச் சமூகம் ஒன்றில் நடந்த ஆய்விலிருந்து பிறந்தது. இரு சுண்டுவிரல், இரு கட்டைவிரல், இரு முழங்கை, இரு முழங்கால், முழங்கால் மடங்காமல் உள்ளங்கை தரையில் படுவது என்று மொத்தம் 9 புள்ளிகள். மக்கள்தொகையில் நெகிழ்வு எப்படிப் பரவியிருக்கிறது என்று விரைவாகக் கணக்கெடுக்க உருவான கருவி, பிற்பாடு தனி ஆளின் நோயறியும் கருவியாகிவிட்டது.

எத்தனை புள்ளி முதல் மிகைநெகிழ்வு என்பதிலும் ஒத்த கருத்தில்லை. பல ஆய்வுகள் 4 என்றன. இணைப்புத்திசு நோய்களுக்கான 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாடு, பருவமடையாத பிள்ளைகளுக்கு 6 என்றது. நெதர்லாந்தில் 551 பள்ளிப்பிள்ளைகளை, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரால் அளந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் 35 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் 5 புள்ளியைத் தாண்டினார்கள். எல்லை 7 ஆக இருக்கட்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். மும்பையில் 829 சிறாரை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் மிகைநெகிழ்வு வகையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் பொருந்தும் ஒன்றை நோய்க்குறி என்பது எப்படித் தகும்? ஐந்து புள்ளி பெறும் தேக்காச் சிறுமி எந்தத் தாளைக் கையில் எடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஆரோக்கியமானவளாகவோ நோயாளியாகவோ ஆகிவிடுகிறாள்.

சிங்கப்பூரிலும் ஆய்வு நடந்ததுண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, வயது ஏற நெகிழ்வு குறைவதையும், பெண்களிடம் அது கூடுதலாக இருப்பதையும், சீன, மலாய், இந்திய இனத்தாரிடையே வேறுபாடு இருப்பதையும் காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 15 முதல் 39 வயதினர். அரைமண்டி பழகத் தொடங்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அது விடை சொல்லாது.

நாங்கள் கேட்பவை

1. மூன்று வயது முதல் பதினெட்டு வரை, எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்த்து மூட்டு அளவுகளைத் திரட்ட வேண்டும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் கருவிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்கின்றன. இப்படிப்பட்ட பணிக்கான அனுபவம் இங்கேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 3 முதல் 101 வயது வரை ஆயிரம் ஆரோக்கியமானவர்களை அளந்து முடித்திருக்கிறார்கள்.

2. அளக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளை தானே அசைத்ததா, இன்னொருவர் அசைத்ததா, உடல் சூடேறிய பின்னா முன்னா, கோனியோமீட்டரின் கரங்கள் எந்த எலும்பை ஒட்டி நின்றன என்பதெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். ஐந்து பாகை வரை கருவியாலும் கையாலும் வேறுபடலாம். அதை மாற்றம் என்று கொள்ளக்கூடாது.

3. நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழகும் பிள்ளைகளை மட்டும் அளந்தால் 'இயல்பு' என்பது அவர்களின் உடலாகிவிடும். பழகாதவர்களும் எல்லா வட்டாரங்களிலிருந்தும் வர வேண்டும். முடிவுகளை முதலில் வயது, பாலினம் வாரியாக வெளியிட வேண்டும். கலப்பு மணக் குடும்பங்கள் பெருகிவரும் ஊரில் இனத்தை முதல் அடுக்காக வைப்பது சரியாகாது.

4. பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். பிள்ளை வேண்டாம் என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

இது புதிய வழியும் அன்று. அமெரிக்காவின் டென்வரில் உருவான குழந்தை வளர்ச்சிச் சோதனையைச் சிங்கப்பூர்க் குழந்தைகளிடம் சரிபார்த்துத் திருத்தியே இங்கு பயன்படுத்துகிறோம். குப்புற விழுவதற்கும் நடப்பதற்கும் செய்ததை மூட்டுக்கும் செய்யச் சொல்கிறோம்.

நாங்கள் உறுதியளிப்பவை

எங்கள் உறுப்பினர் வகுப்புகளில் பிள்ளையின் முழங்காலையோ இடுப்பையோ கையால் அழுத்தித் திருப்ப மாட்டோம். அரைமண்டியில் முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, பாதமும் அதே திசையைப் பார்க்கட்டும் என்று கற்பிப்போம். நெகிழ்வைக் கொண்டு மேடையில் முன்வரிசை, பின்வரிசை பிரிக்க மாட்டோம். 'கட்டை உடம்பு' என்ற சொல் எங்கள் வகுப்பில் ஒலிக்காது.

அதே வேளையில் கவனிக்க வேண்டியதைத் தள்ளிப்போடவும் மாட்டோம். நாள்பட்ட வலி, வீக்கம், காலையில் எழுந்ததும் விறைப்பு, நொண்டல், அடிக்கடி மூட்டு நழுவுவது, ஒரு பக்கம் மட்டும் வேறுபடுவது, நேற்றுவரை எட்டியது இன்று எட்டாமல் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம்.

சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு, சுகாதார மேம்பாட்டு வாரியம் ஆகியவை இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கினால், எங்கள் வகுப்பறைகளும் இயன்மருத்துவர்களின் நேரமும் அதற்குக் கிடைக்கும். எங்கள் சொந்தப் பிள்ளைகளையே முதலில் அளக்கத் தருகிறோம்.