பெண்களின் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு முதலீடு: எங்கள் நிலைப்பாடு

தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் பெண்களுக்கு இன்று பெருங்குறையாக இருப்பது பணம். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண் தொழில்முனைவோருக்காக என்று நடக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை பயிற்சி வகுப்பு, ஊக்க உரை, மகளிர் தின விருது என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றன. மென்பொருள் எழுதத் தெரிந்த, வாடிக்கையாளரைப் பிடித்துவிட்ட, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற ஒரு பெண்ணை மறுபடியும் தன்னம்பிக்கை வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். அவர் கேட்டு வந்தது அடுத்த ஓராண்டுக்கு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கான முதலீடு.

தமிழ்நாட்டில் தொழில்நுட்ப நிறுவனங்களை நடத்தும் பெண்களின் கூட்டமைப்பாக எங்கள் நிலைப்பாடு இது: வங்கிகளும் முதலீட்டு நிதிகளும் அரசும் பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும், மாற்றியதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கும் சிறு தொகைகளை வரவேற்கிறோம். ஆனால், பெருமுதலீட்டுக்கான பொது வரிசையிலிருந்து எங்களை விலக்கி வைக்க அதைக் காரணமாக்கினால் ஏற்கமாட்டோம்.

முதலில் வங்கிகள். தறியோ கடைசல் எந்திரமோ வாங்கக் கடன் கேட்டால் அந்த எந்திரமே ஈடாக நிற்கும். மென்பொருள் நிறுவனத்தில் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் சொத்து எதுவும் கிடையாது. கணினிகள் இரண்டு ஆண்டில் பழசாகிவிடும், சர்வர் வாடகைக்கு எடுத்தது, எழுதிய நிரலுக்கு வங்கியின் படிவத்தில் ஒரு கட்டமே இல்லை. அதனால் வங்கி வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. சட்டம் முந்திக்கொண்டது, வீடுகள் இன்னும் வந்து சேரவில்லை. கல்யாணத்துக்குச் செலவு செய்தாயிற்றே என்று சொல்லி, அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தோடு பெண்ணின் எதிர்காலத் தொழிலுக்கான ஈடும் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது நகை. எங்கள் உறுப்பினர்களில் பலருடைய நிறுவனத்துக்கு முதல் முதலீடு அடகுக் கடையின் ரசீதாகத்தான் வந்தது.

ஈடு இல்லாமல் கடன் தர முடியாது என்பது சரியான பதில் ஆகாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கும் அதன் உத்தரவாதம் கிடைக்கும். விதி இருக்கிறது, கிளை அலுவலகத்தில் நடப்பது வேறு. எங்கள் உறுப்பினர் ஒருவர் மருத்துவமனைகளுக்கு மருந்து இருப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை விற்கிறார். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், மருத்துவமனைகளோடு போட்ட ஆண்டு ஒப்பந்தங்கள், புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஃபைலில் வைத்துக்கொண்டு, நடப்பு மூலதனத்துக்கு எட்டு லட்சம் கேட்டு வங்கிக்குப் போனார். மேனேஜர் ஃபைலைப் புரட்டினார். ஒப்பந்தங்கள் இருந்த பக்கங்களில் அவர் கை நிற்கவே இல்லை. "சார் என்ன பண்றாரும்மா?" என்று கேட்டார். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை. அவரோட சம்பளச் சான்றிதழ் கொண்டு வாங்க, அவர் பேர்லயே பர்சனல் லோன் போட்டுடலாம்."

மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட அந்த மேனேஜர் பேசவில்லை. உதவி செய்வதாகவே நினைத்தார். ஆனால், பர்சனல் லோனுக்கு வட்டி அதிகம், நிறுவனத்தின் பெயரில் கடன் வரலாறு உருவாகாது, அடுத்த முறை பெரிய தொகை கேட்கப் போனால் காட்ட எதுவும் இருக்காது. ஒரு நிறுவனம் இரண்டு ஆண்டு பின்னுக்குப் போவதற்கு இந்த உதவி போதும்.

கடன் வாராக்கடன் ஆனால் தலைமை அலுவலகம் கேள்வி கேட்கும் என்ற மேனேஜரின் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால், இதே வங்கிகள் ஈடு இல்லாமல் பெண்களுக்குக் கடன் கொடுத்துப் பழகியவைதான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிலப் பத்திரம் கிடையாது, கணவரின் சம்பளச் சான்றிதழ் கிடையாது. குழுவின் சேமிப்பு நோட்டையும் உள்கடனைத் திருப்பிக் கட்டிய ஒழுங்கையும் பார்த்தே வங்கி கடன் கொடுத்தது. ஊத்தங்கரையில் ஆடு வாங்கிய பெண்ணை அவருடைய கணக்கு நோட்டை நம்பி ஏற்றுக்கொண்ட வங்கி, பொறியியல் படித்து நிறுவனம் நடத்தும் அவர் மகளின் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்காமல் மருமகனைத் தேடுவதை நாங்கள் ஏற்கவில்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையும் மாதாந்திர வரவையும் வைத்துக் கடனை முடிவு செய்ய வேண்டும். 10 லட்சத்துக்குட்பட்ட கடனுக்கு ஈடோ குடும்ப ஆண்களின் ஜாமீனோ கேட்ட கிளைகள் மீது நடவடிக்கை வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

வங்கிக் கடன் சிறிய தேவைக்கு உதவும். தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிதாகப் பொருந்துவது பங்கு முதலீடுதான். பொருளை உருவாக்கிச் சந்தையில் நிறுத்த இரண்டு மூன்று ஆண்டு ஆகும். தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். அதனால்தான் ஏஞ்சல் முதலீட்டாளர், வென்ச்சர் கேபிட்டல் என்று ஒரு தனி உலகமே உருவானது. பெண்களுக்கு அதன் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது?

அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே தொழில் திட்டத்தை ஒரே காணொளியில் ஆண் குரலிலும் பெண் குரலிலும் பேசவைத்துக் காட்டினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆண் குரல் சொன்ன திட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நியூயார்க்கில் நடந்த புகழ்பெற்ற புத்தொழில் போட்டியொன்றில் 2010 முதல் 2016 வரை கேட்கப்பட்ட கேள்விகளைத் டானா கான்ஸே என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அலசினார்கள். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் வளர்ச்சி பற்றியவை: எத்தனை பேரைப் பிடிப்பீர்கள், எவ்வளவு பெரிதாக வரும் என்ற ரகம். பெண்களிடம் கேட்டதில் 66 சதவீதம் நட்டம் பற்றியவை: இருக்கிற வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன செய்வீர்கள், எப்போது கைக்காசு போடாமல் ஓடும் என்ற ரகம். வளர்ச்சிக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் திரட்டிய முதலீடு மற்றவர்களைப்போலப் பல மடங்கு. கேள்வி கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களும் அப்படியேதான் கேட்டார்கள். ஆகவே, முதலீட்டுக் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேள்விகளே மாற வேண்டும்.

இது நேற்றைய நோய் இல்லை. 1962-ல் இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி ஆறு பவுண்டு முதலீட்டில் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். நாஜிகளிடமிருந்து தப்பி, அகதிக் குழந்தையாக அந்த நாட்டுக்கு வந்தவர் அவர். திருமணமானதும் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு விலகிய பெண் நிரலாளர்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 ஊழியர்களில் மூன்றே பேர்தான் ஆண்கள். வாய்ப்புக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கையெழுத்தை ஸ்டீவ் என்று ஆண் பெயரில் போட ஆரம்பித்ததும் பதில்கள் வந்தன. கன்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது அந்தப் பெண்கள்தான். பின்னாளில் நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களுக்கே பிரித்துக் கொடுத்ததில் 70 பேர் கோடீசுவரர் ஆனார்கள்.

இந்தியாவில் 1978-ல் பெங்களூரில் கிரண் மஜும்தார் பயோகானைத் தொடங்கியது வாடகைக்கு எடுத்த கார் ஷெட்டில், பத்தாயிரம் ரூபாயில். பப்பாளியிலிருந்து நொதி பிரித்தெடுப்பது தொழில். வயது 25, துறையும் புதிது, ஈடும் இல்லை என்று வங்கிகள் கையை விரித்தன. 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே நிறுவனத்தின் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. இணையத்தில் அழகுப் பொருள் விற்கும் நைகாவின் பல்குனி நாயர் கோட்டக் குழுமத்தில் 19 ஆண்டு வேலை பார்த்து, ஐம்பதை நெருங்கிய வயதில், 2012-ல் சொந்தச் சேமிப்பைப் போட்டுத் தொடங்கினார். இவர்களை மேடைதோறும் புகழ்கிறோம், சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் மறுப்புகளைத் தாண்டி ஓடினார், இன்னொருவருக்குச் சொந்தப் பணம் இருந்தது. இந்த இரண்டும் வாய்க்காத, அதே அளவு திறமையுள்ள பெண்களைப் பற்றித்தான் இந்த அறிக்கை.

நாங்கள் தயவு கேட்கவில்லை. பாஸ்டன் கன்சல்டிங் குழுமமும் மாஸ்சேலஞ்ச் அமைப்பும் 2018-ல் 350 புத்தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தன. பெண்கள் நிறுவிய, அல்லது பெண்களும் சேர்ந்து நிறுவிய நிறுவனங்கள் திரட்டியது மற்றவை திரட்டியதில் பாதிக்கும் குறைவு. ஆனால், கிடைத்த ஒவ்வொரு டாலருக்கும் அவை 78 சென்ட் வருவாய் ஈட்டின. மற்றவை ஈட்டியது 31 சென்ட். சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது பெண்களின் பிறவிக் குணம் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அது தவறு. குறைந்த பணத்தில் ஓட்டும்படி தள்ளப்பட்டவர்கள் ஓட்டிக் காட்டினார்கள்.

முதலீட்டு நிதிகளிடம் எங்கள் கோரிக்கை: பெண்கள் நிறுவிய நிறுவனங்கள் எத்தனை விண்ணப்பித்தன, எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனைக்குப் பணம் போட்டீர்கள், எவ்வளவு, என்ன மதிப்பீட்டில் என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். முதல் சந்திப்பின் கேள்விகளை எழுதி வைத்து, வருகிற எல்லோரிடமும் அதையே கேளுங்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது, வீட்டில் சம்மதமா என்று கேட்பதை நிறுத்துங்கள். ஊழியருக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. நிறுவனர் பிரசவிக்கும் மாதங்களில் நிறுவனத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான செலவையும் முதலீட்டில் சேர்க்கலாம். இதய அறுவை சிகிச்சைக்குப் போகிற ஆண் நிறுவனருக்கும் அந்தப் பிரிவு பயன்படும்.

அடுத்து அரசு. தமிழ்நாட்டின் டான்சீட் திட்டம் புத்தொழிலுக்கு 10 லட்சம் ரூபாயும், பெண்கள் தலைமையில் இயங்கினால் 15 லட்சமும் தருகிறது. நல்ல திட்டம், எங்களில் பலருக்கு அதுதான் முதல் மூச்சு. ஆனால், மாதம் ஐம்பதாயிரம் சம்பளத்தில் ஐந்து பொறியாளர்களை வைத்தால் 15 லட்சம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். வாடகை, சர்வர் செலவு தனி. ஏழாவது மாதம் ஒன்றிரண்டு கோடி போடக்கூடிய கதவைத் தட்ட வேண்டும்; பெண்கள் நின்றுபோவது அங்கேதான். ஒன்றிய அரசு 2016-ல் 10,000 கோடி ரூபாயில் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக அமைத்த, முதலீட்டு நிதிகளுக்குப் பணம் தரும் நிதியத்தில் 10 சதவீதம் பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்த நிதி எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு போட்டது என்று நிதிவாரியாகப் பட்டியல் வெளிவர வேண்டும். பொதுப்பணம் வாங்கும் ஒவ்வொரு நிதியிலும் முடிவெடுக்கும் குழுவில் வாக்குரிமையோடு பெண்கள் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013-ன் கம்பெனிச் சட்டம் சொன்னபோது, தகுதியான பெண்கள் எங்கே கிடைப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். கிடைத்தார்கள்.

முதலீட்டை விடவும் நல்ல பணம் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. அதில் மென்பொருளும் வர வேண்டும், பில்லும் 45 நாளில் பாஸாக வேண்டும்.

எங்கள் பக்கத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சலுகைக்காக மனைவி பெயரில் 51 சதவீதப் பங்கை எழுதிவிட்டு, வங்கிக் கணக்கையும் கையெழுத்தையும் கணவரே வைத்திருக்கும் நிறுவனங்களைப் பெண்களின் நிறுவனங்களாக நாங்கள் ஏற்பதில்லை, உறுப்பினராகவும் சேர்ப்பதில்லை. கணவனும் மனைவியும் உண்மையாகவே சேர்ந்து நடத்துவது வேறு. அவர்களுக்கு எங்கள் கதவு திறந்தே இருக்கும். காசோலையில் யார் கையெழுத்து, ஆள் எடுப்பது யார், விலை பேசுவது யார் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும். சலுகை தரும் துறைகளும் இதைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, சேமிப்புள்ள பெண்களிடம். தமிழ்நாட்டில் மருத்துவர்களாக, தணிக்கையாளர்களாக, மென்பொருள் நிறுவனங்களில் உயர் பொறுப்பில் இருக்கும் பெண்கள் ஏராளம். அவர்களுடைய பணம் தங்கத்திலும் சீட்டிலும் மனையிலும் இருக்கிறது. போனாலும் வீடு தடுமாறாது என்ற அளவுக்குள் ஒரு சிறு பங்கைப் பெண்களின் நிறுவனங்களில் போடுங்கள் என்று கேட்கிறோம். புத்தொழில் முதலீட்டின் மீதான ஏஞ்சல் வரி என்ற தொல்லையும் 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது. நான்கைந்து பேராகச் சேர்ந்து, கணக்கைப் படித்து, நிறுவனரை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். இது ஆபத்துள்ள முதலீடு, பல நிறுவனங்கள் தோற்கும். அதை மறைத்து உங்களைக் கூப்பிட மாட்டோம்.

எங்கள் கூட்டமைப்பு இனி மகளிர் தின விருது விழா நடத்தாது. அதற்கு ஆகும் செலவு, வங்கியில் நிராகரிக்கப்பட்ட உறுப்பினர்களின் விண்ணப்பங்களைத் தணிக்கையாளர் உதவியோடு மேல்முறையீடு செய்யப் பயன்படும். முதலீட்டாளர் சந்திப்புகள் தொடரும். பெண்களுக்கு எவ்வளவு முதலீடு செய்தோம் என்ற கணக்கை வெளியிடாத நிதி எதையும் அந்தச் சந்திப்புகளுக்கு அழைக்க மாட்டோம்.